எஞ்சிய காற்றின் கணக்கு: நுரையீரல் அளவீடு வளர்ந்த வரலாறு

மூச்சை எவ்வளவு முக்கி ஊதித் தள்ளினாலும் நெஞ்சுக்குள் ஒரு லிட்டருக்குச் சற்று மேலாகக் காற்று தங்கிவிடுகிறது. வளர்ந்த, நலமான உடலுக்கு இது இயல்பு. அதுவும் வெளியேறிவிட்டால் காற்று நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சில் அவற்றைப் பிரிப்பதே பெரும்பாடாகிவிடும். ஊதி வெளியே விட்ட காற்றை அளக்க ஒரு பையும் தொட்டித் தண்ணீரும் போதும். வெளியே வராத காற்றை எப்படி அளப்பது?

இன்று மருத்துவமனைகளில் ‘பி.எஃப்.டி.’ என்று எழுதித் தரப்படும் நுரையீரல் செயல்திறன் பரிசோதனையின் வரலாற்றைப் பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே சொல்வது வழக்கம். இக்கட்டுரை அதைக் கேள்விகளின் வரலாறாகப் பார்க்கிறது. எவ்வளவு காற்று, எவ்வளவு வேகம், எவ்வளவு மிச்சம் என்ற மூன்று கேள்விகளுக்கும் 1950களின் முடிவுக்குள் நல்ல விடை கிடைத்துவிட்டது. ‘குறைவு’ என்பதை யாரோடு ஒப்பிட்டுச் சொல்வது என்ற நான்காம் கேள்வி, 1846இல் முதல் பெரிய அட்டவணை வெளிவந்தபோதே உடன் பிறந்தது. அது மட்டும் இன்னும் தீரவில்லை.

1. பையும் நீரும்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியரான பொரெல்லி, மூக்கை அடைத்துக்கொண்டு ஒரு குழாய் வழியே நீரை உறிஞ்சி, ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்றைக் கணக்கிட முயன்றார். 1718இல் ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஜூரின் ஒரு தோற்பைக்குள் ஊதி, அதன் கன அளவை ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி கண்டார். இயல்பான மூச்சுக்கு 650 மி.லி., முழு மூச்சாக ஊதினால் 3610 மி.லி. என்பது அவர் தந்த கணக்கு. ஊதும் பரிசோதனைக்கு முன் இன்றும் மூக்கில் கிளிப் மாட்டுகிறார்கள். மூக்கு வழியே கசியும் காற்று கணக்கைக் கெடுத்துவிடும் என்பது பொரெல்லி காலத்திலேயே தெரிந்த சங்கதி.

இவர்கள் எல்லோரும் உடலியல் ஆர்வத்தில் அளந்தவர்கள். லீட்ஸ் நகர மருத்துவர் சார்லஸ் டர்னர் தாக்ரா, தொழில்கள் உடல்நலத்தை எப்படிப் பாதிக்கின்றன என்று 1831இல் எழுதிய நூலுக்காகத் தொழிலாளர்களின் மூச்சை அளந்தார். அளவீடு ஆய்வகத்தை விட்டு வேலைத்தலத்துக்கு வந்த தொடக்கங்களுள் அதுவும் ஒன்று.

2. ஹட்சின்சனின் அட்டவணை

ஜான் ஹட்சின்சன் 1846இல் லண்டனில் வெளியிட்ட நீண்ட கட்டுரையே இத்துறையின் அடித்தளம். அவருடைய ஸ்பைரோமீட்டர் எளிமையானது. நீர்த்தொட்டிக்குள் கவிழ்த்த ஓர் உருளை, அதன் எடைக்கு ஈடாகக் கப்பிகளில் தொங்கும் எடைகள், பக்கத்தில் ஓர் அளவுகோல். குழாயில் ஊதினால் உருளை எழும். எவ்வளவு எழுந்தது என்று பார்த்தால் காற்றின் கன அளவு தெரிந்துவிடும்.

கருவியைவிட அதைக்கொண்டு அவர் செய்த வேலைதான் பெரிது. மாலுமிகள், காவலர்கள், தீயணைப்போர், அச்சகத் தொழிலாளர்கள், மற்போர் வீரர்கள், கனவான்கள், ஏழையர் விடுதியில் இருந்தோர் என 2130 பேரை அவர் அளந்தார். ஆழ இழுத்து முழுமையாக ஊதும் காற்றுக்கு ‘உயிர்ப்புத் திறன்’ என்று பொருள்படும் பெயரை இட்டவரும் அவரே. ஐந்தடிக்கு மேல் உயரம் ஓர் அங்குலம் கூடும்போது உயிர்ப்புத் திறன் 8 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 130 மி.லி., கூடுகிறது என்று கண்டார். வயது ஏற ஏற அது குறைவதையும் காட்டினார்.

அந்தக் கட்டுரையில் ஃப்ரீமன் என்ற அமெரிக்க ‘இராட்சத’ மனிதரும் வருகிறார். 1842இல் அவர் ஊதியது 434 கன அங்குலம், ஏறத்தாழ 7.1 லிட்டர். அடுத்தடுத்த அளவீடுகளில் அது இறங்கிக்கொண்டே வந்தது. நெஞ்சில் காது வைத்துக் கேட்ட மருத்துவர்களுக்கு நோயின் அறிகுறி பிடிபடாத கட்டத்திலேயே ஸ்பைரோமீட்டர் சரிவைக் காட்டியது. பின்னர் அவர் காசநோயால் இறந்தார். ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மருத்துவராகவும் இருந்த ஹட்சின்சனுக்கு இதன் பயன் விளங்காமல் இருக்குமா? யாருக்குக் காப்பீடு கொடுக்கலாம் என்பதை உருளையின் உயரம் சொல்லிவிடும் என்று நம்பினார். அவர் 1852இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி, 1861இல் ஃபிஜியில் காலமானார். நோயைக் கண்டுபிடிக்கும் கருவியாக ஸ்பைரோமீட்டர் மருத்துவமனையில் ஊன்றிக்கொள்ள அடுத்த நூற்றாண்டு ஆயிற்று.

3. ஒரு நொடியின் கதை

ஹட்சின்சனின் கருவிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. உருளை எவ்வளவு எழுந்தது என்பதை அது சொன்னது. எவ்வளவு நேரத்தில் எழுந்தது என்பதைச் சொல்லவில்லை. ஆஸ்துமாக்காரர் நான்கு லிட்டரை மெல்ல மெல்லப் பத்து நொடியில் ஊதி முடித்தாலும் கணக்கில் அது நான்கு லிட்டரே. காற்றுக்குழாய் சுருங்கியிருப்பது மறைந்துபோகும்.

இந்த இடைவெளியை 1947இல் பாரிஸில் நிரப்பியவர்கள் டிஃப்னோவும் பினெல்லியும். வேகமாக ஊதும்போது முதல் நொடியில் வெளிவரும் காற்று, மொத்த உயிர்ப்புத் திறனில் எத்தனை பங்கு என்று அவர்கள் கேட்டார்கள். 1957இல் பிரிட்டனின் நெஞ்சக மருத்துவர்கள் முதல் நொடிக் காற்றுக்கு எஃப்.இ.வி.1 என்ற பெயரையும், வேகமாக ஊதிய மொத்தக் காற்றுக்கு எஃப்.வி.சி. என்ற பெயரையும் பொதுவழக்காக்கினர். இளம் வயதில் நலமாயிருப்பவர் தம் மொத்தக் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் முதல் நொடியிலேயே ஊதிவிடுவார். இந்த விகிதம் 0.70க்குக் கீழே போனால் அடைப்பு இருக்கிறது என்று நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கான (சி.ஓ.பி.டி.) வழிகாட்டுதல்கள் இன்று கொள்கின்றன. 1959இல் ரைட்டும் மெக்கெரோவும் அறிமுகப்படுத்திய உச்ச வேகமானி இந்தக் கேள்வியை நோயாளியின் கைக்கே கொண்டுபோனது.

4. வெளிவராத காற்று

ஆனாலும் ஊதும் பரிசோதனை தனியாக ஒரு முடிச்சை அவிழ்க்காது. எஃப்.வி.சி. குறைந்த இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகி, மொத்தக் கொள்ளளவே சிறுத்துவிட்டது. மற்றவருக்கு எம்ஃபிசீமா, நுரையீரல் ஊதிப் பெருத்திருக்கிறது, ஆனால் பழைய காற்று உள்ளேயே சிக்கிக் கிடப்பதால் புதுக் காற்றுக்கு இடமில்லை. இருவரும் ஊதும் மொத்தக் காற்று ஒரே அளவாக இருக்கலாம். நேர் எதிரான இந்த இரு நிலைகளையும் உறுதியாகப் பிரித்துக் காட்ட எஞ்சிய காற்றின் கணக்கு வேண்டும்.

அதற்கான வழியை ஹம்ப்ரி டேவி 1800இலேயே காட்டியிருந்தார். பிரிஸ்டலில் சிரிப்பூட்டும் வாயுவை ஆராய்ந்துகொண்டிருந்த அவருக்கு அப்போது வயது இருபத்தொன்று. காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, அளவு தெரிந்த ஹைட்ரஜனைத் திரும்பத் திரும்ப இழுத்து விட்டார். உள்ளே இருந்த காற்றோடு கலந்து ஹைட்ரஜன் எவ்வளவு நீர்த்தது என்று பார்த்துத் தம் எஞ்சிய காற்று ஏறத்தாழ 600 மி.லி. எனக் கணக்கிட்டார். குழம்பில் தண்ணீர் எவ்வளவு சேர்ந்தது என்பதை உப்புக் குறைந்த அளவை வைத்துச் சொல்வது போன்ற தந்திரம் இது.

1940களில் இந்த முறை ஹீலியத்தோடு திரும்பி வந்தது. ஹீலியம் தீப்பற்றாது; இரத்தத்திலும் அநேகமாகக் கரையாது. 3 லிட்டர் கலத்தில் 10 விழுக்காடு ஹீலியம் இருக்கிறது என்போம். நோயாளி அதில் சுவாசித்துக் கலந்தபின் அது 5 விழுக்காடாகக் குறைந்தால், நுரையீரலில் இருந்த காற்றும் 3 லிட்டர். இதே காலத்தில், 1940இல், டார்லிங், கூர்னான், ரிச்சர்ட்ஸ் மூவரும் நோயாளிக்குத் தூய ஆக்சிஜன் கொடுத்து, நுரையீரலிலிருந்து கழுவிவரும் நைட்ரஜனை அளக்கும் வேறொரு வழியைத் தந்தனர்.

இரண்டு முறைக்கும் ஒரே பலவீனம். அடைபட்ட குழாய்க்கு அப்பால் சிறைப்பட்ட காற்றை ஹீலியம் எட்டாது. அங்குள்ள நைட்ரஜனும் கழுவிவராது. 1956இல் ஆர்தர் டுபாயும் உடனிருந்த ஆய்வாளர்களும், வாயுவின் கன அளவு கூடினால் அழுத்தம் குறையும் என்ற பாயில் விதியைக் கொண்டு இதைத் தாண்டினார்கள். கண்ணாடிப் பெட்டி போன்ற மூடிய அறைக்குள் நோயாளி உட்கார்கிறார். அவர் வாய்க்குழாயை ஒரு தடுப்பு சட்டென மூடுகிறது. மூடியபடியே அவர் மூச்சிழுக்க முயல்கிறார். நெஞ்சு விரிய, உள்ளே அழுத்தம் குறைகிறது. பெட்டிக்குள் அழுத்தம் கூடுகிறது. இவ்விரு மாற்றங்களிலிருந்து நெஞ்சுக்குள் இருக்கும் மொத்தக் காற்றும் கணக்கில் வந்துவிடும், சிறைப்பட்ட காற்று உட்பட. பெட்டி சொல்லும் அளவிலிருந்து ஹீலியம் சொல்லும் அளவைக் கழித்தால், சிக்கிக் கிடக்கும் காற்று எவ்வளவு என்பதே ஓர் எண்ணாகிவிடுகிறது.

5. யாரோடு ஒப்பிடுவது?

மூன்று லிட்டர் என்பது நிறைவா குறைவா என்று கருவி சொல்லாது. அதற்கு ‘இயல்பு’ என்ற அட்டவணை வேண்டும். அந்த அட்டவணையில் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் சமூகம் உள்ளே நுழைகிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைமுறையை ஆதரித்து எழுதிய மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், 1851இல் கறுப்பினத்தாரின் நுரையீரல் கொள்ளளவு 20 விழுக்காடு குறைவு என்று அறிவித்தார். ஸ்பைரோமீட்டரை அடிமைமுறைக்குச் சான்றாக நிறுத்தினார். உள்நாட்டுப் போர் வீரர்களை அளந்த பெஞ்சமின் கூல்டின் 1869ஆம் ஆண்டு நூல், அந்த வேறுபாட்டுக்குப் புள்ளிவிவர உடை போர்த்தியது. வாழ்நிலை, உணவு, உழைப்பு ஆகியவை கணக்கில் வரவில்லை. அந்த நிழல் இருபதாம் நூற்றாண்டின் கணினி மென்பொருளுக்குள்ளும் நீண்டது. கறுப்பினத்தாருக்கு 10 முதல் 15 விழுக்காடும், ஆசியருக்கு 4 முதல் 6 விழுக்காடும் குறைத்துக் கணக்கிடும் ‘இனத் திருத்தம்’ பல கருவிகளில் தானாகவே இயங்கியது. இயல்பின் அளவைத் தாழ்த்திவிட்டால் உண்மையான நோயும் இயல்பாகத் தெரியும். தொழிலால் நுரையீரல் கெட்டவருக்கு இழப்பீடும் எட்டாமல் போகும்.

தமிழகத்திலும் இந்தக் கேள்வி பழையது. 1932இல் பி.டி. கிருஷ்ணனும் சி. வரீதும் தென்னிந்திய மருத்துவ மாணவர் 103 பேரின் உயிர்ப்புத் திறனை அளந்து வெளியிட்டனர். 1990இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தின் வி.கே. விஜயனும் பிறரும் இந்நகரத்து நலமான இளைஞர்களின் அளவுகளைத் தந்தனர். மேலை நாட்டு அளவுகளோடு வைத்துப் பார்த்தால் நம்மவர் எண்கள் குறைவு. கால் நீளத்துக்கும் உடற்பகுதிக்கும் உள்ள விகிதம் இதில் ஒரு பங்கு வகிக்கலாம். ஆனால் பிறப்பு எடை, சிறுவயது உணவு, விறகடுப்புப் புகை ஆகியவையும் நுரையீரலின் வளர்ச்சியைத் தீர்மானிப்பவை. அவற்றால் வந்த குறையை ‘இந்திய இயல்பு’ என்று எழுதிவிட்டால், வறுமை உடற்கூறாகிவிடும்.

2012இல் 26 நாடுகளைச் சேர்ந்த 74,187 பேரின் அளவுகளிலிருந்து உலக நுரையீரல் முயற்சிக் குழு சமன்பாடுகளை வகுத்தபோது, இந்தியத் துணைக்கண்டத்துக்கென்று தனிப் பிரிவு அமையவில்லை. பின்னர் இனம் பாராத பொதுச் சமன்பாடு வந்தது; 2023இல் அமெரிக்க நெஞ்சகச் சங்கம் அதைப் பரிந்துரைத்தது. பொதுச் சராசரியும் முழு விடை ஆகாது. ஒருவருக்கு இழைக்கும் அநீதியை நீக்கும்போது இன்னொருவரைக் காரணமின்றி நோயாளி ஆக்கிவிடும் வாய்ப்பும் அதில் உண்டு.

முடிவுரை

நோயாளியின் கைக்கு வரும் பி.எஃப்.டி. தாளில், ஊதிய அளவுக்குப் பக்கத்தில் ‘எதிர்பார்த்த அளவு’ என்ற ஒரு வரிசை இருக்கும். எந்தச் சமன்பாட்டால் எதிர்பார்த்தார்கள் என்பது சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். மற்ற எண்களைப் படிக்குமுன் படிக்க வேண்டிய வரி அது.

யாரோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்கு ஹட்சின்சனிடம் இன்னொரு விடையும் இருந்தது. 2130 பேரின் அட்டவணையை உருவாக்கிய அவர், ஃப்ரீமனின் நோயை அந்த அட்டவணையால் கண்டுபிடிக்கவில்லை. அத்தனை பெரிய உடலுக்கு ஈடான மற்றோர் உடல் அதில் ஏது? ஃப்ரீமனின் 1842ஆம் ஆண்டு மூச்சோடு அவருடைய பிந்தைய மூச்சுகளை ஒப்பிட்டுத்தான் சரிவைக் கண்டார். இளமையில் ஒருமுறை ஊதி எழுதிவைத்த எண் ஒன்று நம் எல்லோரிடமும் இருக்குமானால், பிற்காலத்தில் எந்த இனத்தின் சராசரியையும் தேடிப் போக வேண்டியிராது.