பிரிந்துபோகும் உரிமை

திறந்த மூல மென்பொருளின் வரலாற்றை எழுதுவோர் கூட்டுழைப்பைத்தான் விரிவாகப் பேசுவார்கள். சண்டைகளை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவார்கள். அம்மென்பொருளின் உரிமங்களோ சண்டைக்கும் இடம் வைத்தே எழுதப்பட்டவை. நிரலைப் படிக்கலாம், திருத்தலாம். தலைமை பிடிக்காவிட்டால் மொத்தத்தையும் நகலெடுத்து வேறு பெயரில் தனிக்குடித்தனமும் போகலாம். ‘ஃபோர்க்’ என்று இத்துறையினர் சொல்லும் இந்த உரிமைதான் இச்சமூகங்களின் தலைமையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது என்பது என் வாதம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987இல் வெளியிட்ட ஜிசிசி கம்பைலர் பத்தே ஆண்டுகளில் மந்தமாகிவிட்டது. வெளியார் அனுப்பிய திருத்தங்கள் தேங்கிக் கிடந்தன. பொறுமையிழந்தவர்கள் 1997இல் ‘ஈஜிசிஎஸ்’ என்ற தனிப் பதிப்பைத் தொடங்கினார்கள். 1999 ஏப்ரலில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை ஜிசிசியின் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தது.

எல்லாப் பிரிவும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. ஜெர்மனியின் அலுவலக மென்பொருளான ஸ்டார் ஆபிஸை 1999இல் வாங்கிய சன் நிறுவனம், அடுத்த ஆண்டே அதன் நிரலைத் திறந்துவிட்டது; ஓபன் ஆபிஸ் பிறந்தது. ஆனால் நிரல் தருவோர் அதன் பதிப்புரிமையைச் சன்னுடன் பகிர்ந்துகொள்ள ஒப்பமிட வேண்டியிருந்தது. சன் இருந்தவரை முணுமுணுப்போடு போயிற்று. 2010 ஜனவரியில் ஆரக்கிள் சன்னை வாங்கியது. அந்த ஆகஸ்டிலேயே சன்னின் திறந்த மூல இயங்குதளமான ஓபன் சோலாரிஸைக் கைவிட்டது, ஜாவாவுக்காக கூகுள்மீது வழக்கும் போட்டது. அடுத்து நம் தலைதான் என்று ஓபன் ஆபிஸ்காரர்கள் நினைத்ததில் வியப்பில்லை. செப்டம்பர் 28 அன்று டாக்குமென்ட் ஃபவுண்டேஷனை அறிவித்தார்கள். ஆரக்கிள் பழைய பெயரைத் தந்துவிடும் என்ற நம்பிக்கையில், லிப்ரே ஆபிஸ் என்பதைத் தற்காலிகப் பெயராகவே வைத்தார்கள். பெயர் வரவில்லை. மாறாக, பழைய திட்டத்தின் ஆலோசனைக் குழுவில் இருந்த அவர்கள் விலக வேண்டும் என்ற பேச்சுத்தான் வந்தது. 2011 ஜூனில் ஆரக்கிள் ஓபன் ஆபிஸை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கியது. பணமும் வணிகப்பெயரும் பதிப்புரிமையும் கையில் இருந்தும், உழைப்பவர்களை அதனால் நிறுத்திவைக்க முடியவில்லை.

இது சமூகத்தின் வெற்றியா, போட்டி நிறுவனங்களின் வேலையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஈஜிசிஎஸ் பின்னால் சிக்னஸ் நிறுவனம் இருந்தது. லிப்ரே ஆபிஸுக்கு ரெட் ஹாட், நாவெல், கூகுள் ஆதரவு இருந்தது. சம்பளம் தர ஆளில்லாத ஃபோர்க்குகள் சத்தமின்றிச் செத்துப்போகின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனாலும் மூடிய மென்பொருளில் இந்த நிறுவனங்கள் எவ்வளவு பணம் வைத்திருந்தாலும், உரிமையாளர் விற்க மறுத்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கதவைத் திறந்தது உரிமம். பணம் அதன்பின் உள்ளே வந்தது.

உழைப்பு சிதறுகிறதே என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. அப்பாச்சியின் தளர்வான உரிமத்தால் அங்குள்ள நிரலை லிப்ரே ஆபிஸ் எடுத்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபிஸின் உரிமமோ தன் திருத்தங்கள் அப்பாச்சியின் நிபந்தனைகளுக்குள் போக விடாது. உழைப்பு ஒரு பக்கமாகவே ஓடி, பழைய திட்டம் வற்றத் தொடங்கியது. ஆனால் ஊரறிந்த பெயர் அங்கேயே தங்கிவிட்டது. இந்த இழப்பு வாதத்துக்கு அப்பாற்பட்டது: நிரலுக்குத் திறந்திருந்த உரிமம் வணிகப்பெயருக்குப் பொருந்தவில்லை, வேகமாக வளர்ந்த பதிப்பை அறியாமல் பலர் ஓபன் ஆபிஸையே தேடிப்போய்த் தரவிறக்கிக்கொண்டிருந்தார்கள்.