இடிமேகத்தின் உச்சியில்: ஓசோன் ஆய்வில் தென்னிந்தியா

சித்திரை மாத மாலைகளில் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இடியுடன் மழை பெய்வது புதிதன்று. தெருவில் ஒதுங்கி நிற்பவருக்கு அம்மழை அரைமணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மேகத்தின் செயலோ அங்கு முடிவதில்லை. அதன் உச்சி 12 கிலோமீட்டரையும் கடந்து, சில வேளைகளில் 16 கிலோமீட்டருக்கு மேலும் எழுகிறது. அவ்வுயரத்தில் ஓசோனுக்கு என்ன நேர்கிறது என்ற வினாவின் வரலாற்றில் தென்னிந்தியாவுக்குத் தனியிடம் உண்டு.

ஓசோன் என்ற பெயரே மணத்திலிருந்து பிறந்தது. 1840-ஐ ஒட்டி, பாசல் நகரின் வேதியியலாளர் ஷேன்பைன், மின்பகுப்பின்போது எழுந்த நெடிக்குக் காரணமான வாயுவுக்கு, 'மணத்தல்' எனப் பொருள்படும் கிரேக்க வினைச்சொல்லைக் கொண்டு பெயரிட்டார். மின்னலுக்குப் பின் எழுவதும் அந்நெடியே. ஆயினும் ஓசோனின் ஏறத்தாழ 90 விழுக்காடு, இடிமேகங்களுக்கு மேலுள்ள அடுக்கு மண்டலத்தில் இருக்கிறது.

அதை உலகளாவிய நிலையில் அளக்க முனைந்தவர் ஆக்ஸ்போர்டின் டாப்சன். தம் நிறமாலைக் கருவிகளை 1928-இல் அவர் பல நாடுகளுக்கு அனுப்பியபோது, வெப்பமண்டலத்திற்கெனத் தேர்ந்த இடம் கொடைக்கானல் வானாய்வகம். அங்குப் பதிவான ஒளிப்படத் தகடுகள் ஆக்ஸ்போர்டுக்குச் சென்று கணிக்கப்பட்டன. முடிவு வியப்பளித்தது. சூரிய ஒளியே ஓசோனை உண்டாக்குகிறது எனில், ஒளி மிகுந்த வெப்பமண்டலத்தில் அது மிகுந்திருக்க வேண்டும். கொடைக்கானலிலோ அளவு குறைவாகவும், ஆண்டு முழுவதும் பெரிதும் மாறாமலும் இருந்தது.

விடையின் ஒரு பகுதி இந்தியாவிலேயே கிடைத்தது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893-இல் பிறந்து, 1925-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தவர் கே. ஆர். ராமநாதன். பலூன்கள் திரட்டிய வெப்பநிலைகளைத் தொகுத்து, புவியின் மிகக் குளிர்ந்த காற்று நிலநடுக்கோட்டின்மேல் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில் வளையம்போல் அமைந்துள்ளது என அவர் 1929-இல் எழுதினார். பின்னர், 1949-இல் இங்கிலாந்தின் புரூயர், அடுக்கு மண்டலக் காற்று மிக வறண்டிருப்பதைக் கண்டார். அக்காற்று வெப்பமண்டலத்தின் குளிர்வாயிலைக் கடந்தே மேலேறியிருக்க வேண்டும். அங்கே அதன் ஈரம் உறைந்து உதிர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அச்சுழற்சியே வெப்பமண்டலத்தில் உருவாகும் ஓசோனைத் துருவங்களை நோக்கிக் கொண்டுசெல்கிறது. கொடைக்கானலின் குறைந்த அளவு கருவியின் பிழையன்று, அப்பெருஞ்சுழற்சியின் சான்று.

அந்தக் குளிர்வாயிலின் அடியில்தான் இடிமேகம் நிற்கிறது. அது செய்யும் பணிகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. கடற்பரப்பின் ஓசோன் குறைந்த காற்றைச் சில மணி நேரத்திலேயே மேலே தள்ளி, அங்குள்ள ஓசோனின் செறிவைக் குறைக்கிறது. மின்னலோ நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்து நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குகிறது. அது சூரிய ஒளியில், கார்பன் மோனாக்சைடு, மீத்தேன் ஆகியவற்றோடு நிகழும் வினைகளால், அடுத்த சில நாட்களில் அடிவளிமண்டலத்தின் மேற்பகுதியில் ஓசோனைப் பெருக்குகிறது. மிக வலிய மேகங்கள் எல்லையைத் துளைத்து மேலே நீராவியைச் செலுத்துகின்றன. எல்லை கலங்கும்போது மேலுள்ள ஓசோன் கீழே கசியவும் செய்கிறது.

இக்கசிவு தென்னிந்தியாவிலேயே அளக்கப்பட்டது. 2012 அக்டோபர் 31 அன்று மாமல்லபுரம் அருகே நீலம் புயல் கரையைக் கடந்தது. அப்புயலின்போதும், 2013-இன் பைலின் புயலின்போதும் திருவனந்தபுரத்தில் ஓசோன் பலூன்கள் ஏவப்பட்டன. 10 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் ஓசோன், நூறு கோடியில் 20 முதல் 50 பங்கு வரை கூடியிருந்ததையும், செறிந்த அப்படலம் நாளொன்றுக்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் கீழிறங்கியதையும், தெளிந்த வானத்தில் காணும் வேகத்தைவிட இது மும்மடங்கு என்பதையும் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டனர். அடிவளிமண்டல ஓசோன் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. தரையை எட்டினால் நுரையீரலுக்கும் பயிருக்கும் கேடு. ஆகவே இக்கணக்கு வெறும் ஆய்வக ஆர்வத்திற்குரியதன்று.

உள்நாட்டிலேயே ஓசோன் அளவிக் கருவிகள் உருவாக 1960-களில் வழிவகுத்தவர் அன்னா மாணி. பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1940-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சி. வி. ராமனின் ஆய்வு மாணவியானவர். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்து 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஆய்வேட்டை அளித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்பதால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. வைரத்தைவிட்டு வானிலைக் கருவிகளின் பக்கம் திரும்பியவர், பின்னாளில் பன்னாட்டு ஓசோன் ஆணையத்தின் உறுப்பினராக உயர்ந்தார், 1987-இல் கே. ஆர். ராமநாதன் பெயரிலான பதக்கத்தையும் பெற்றார்.

பட்டம் பெறாத அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழக நூலகத்தில் இருக்கிறது. லிங்கராஜபுரத்திலிருந்து அது தொலைவன்று. இடிமேகங்களுக்கு மேலே என்ன நிகழ்கிறது என இந்நாடு சொந்தக் கருவியால் அறியத் தொடங்கிய வரலாற்றை எழுதுவோர், அந்த ஏட்டையும் ஒருமுறை திறந்து பார்ப்பது தகும்.