ஆக்வா, செயின்ட் ரீஜிஸ்: சிகாகோவின் இரு குடியிருப்புக் கோபுரங்கள்

ஆக்வா, செயின்ட் ரீஜிஸ் ஆகிய இரண்டும் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஆறும் மிச்சிகன் ஏரியும் கூடுமிடத்துக்கு அருகே, லேக்‌ஷோர் ஈஸ்ட் என்னும் ஒரே வட்டாரத்தில் எழுந்த குடியிருப்பு வானளாவிகள். முன்னது 2009-இலும் பின்னது 2020-இலும் கட்டி முடிக்கப்பட்டன. கட்டடக் கலைஞர் ஜீன் கேங் 1997-இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்டூடியோ கேங் நிறுவனமே இரண்டையும் வடிவமைத்தது. கட்டமைப்புப் பொறியாளர்களாக மேக்னசன் கிளெமென்சிக் நிறுவனத்தினர் இரண்டிலும் பணியாற்றினர். ஏரிக்காற்று என்னும் ஒரே சிக்கலுக்கு ஒரே கைகள் பத்தாண்டு இடைவெளியில் கண்ட இரு வேறு விடைகள் என்பதால், இவற்றை ஒப்பிடுவதில் தனிப் பயன் உண்டு.

லேக்‌ஷோர் ஈஸ்ட் நிலம் முன்பு இல்லினாய் சென்ட்ரல் ரயில் நிறுவனத்தின் சரக்கு முற்றமாக இருந்தது. ரயில்கள் போனபின் சில காலம் கோல்ஃப் மைதானமாகவும் இருந்தது. ஏறத்தாழ 28 ஏக்கர் பரப்புள்ள அந்த நிலத்தில், நடுவே ஒரு பூங்காவும் சுற்றிலும் உயர்மாடிகளும் அமையும் திட்டத்தை மெகல்லன் நிறுவனம் 2000-க்குப் பின் செயல்படுத்தத் தொடங்கியது. உயர்மாடி வாழ்க்கை சிகாகோவுக்குப் புதிதன்று. மீஸ் வான் டெர் ரோவின் கண்ணாடிப் பெட்டி போன்ற ஏரிக்கரைக் குடியிருப்புகள் 1951-லேயே வந்துவிட்டன. வட்டத் தளங்களிலிருந்து இதழ் இதழாகப் பால்கனிகள் விரியும் பெர்ட்ரண்ட் கோல்ட்பர்கின் மரீனா சிட்டி 1960-களில் எழுந்தது. ஆக்வாவின் கண்ணாடி உடல் முதலாவதன் வழியில் வந்தது. அதன் பால்கனிகளோ இரண்டாவதை நினைவூட்டுகின்றன.

262 மீட்டர் உயரமும் 82 தளங்களும் கொண்ட ஆக்வாவில் கீழே ஹோட்டலும், இடையே வாடகை வீடுகளும், மேலே விலைக்கு விற்கப்பட்ட வீடுகளும் உள்ளன. உட்புறத்தை மட்டும் பார்த்தால் அது சிக்கனமாகத் திட்டமிடப்பட்ட ஒரு நீள்சதுரக் கட்டடமே. வேறுபாடு முழுவதும் கான்கிரீட் தளத்தின் விளிம்பில் இருக்கிறது: ஒவ்வொரு தளமும் சுவரைத் தாண்டி, சில இடங்களில் 3.5 மீட்டருக்கும் மேலாக, வளைந்து நீண்டு பால்கனியாகிறது; அந்த வளைவு தளத்துக்குத் தளம் சிறிது மாறுவதால், தொலைவிலிருந்து முகப்பில் அலை எழுவதுபோல் தோன்றுகிறது. பேரேரிகளின் கரையில் நீர் அரித்த சுண்ணாம்புப் பாறை அடுக்குகளே இவ்வடிவுக்குத் தூண்டுதல். வளையக்கூடிய உலோக விளிம்பு கொண்ட சென்ட்ரிங் சட்டத்தை, அதாவது ஈரக் கான்கிரீட்டைத் தாங்கி வடிவம் தரும் அச்சை, ஒவ்வொரு தளத்துக்கும் புதிதாக வளைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால் வேலை தாமதப்படவில்லை.

உயரமான தட்டை முகப்பின் இருபுறமும் காற்றுச் சுழல்கள் மாறி மாறிச் சீரான இடைவெளியில் பிரிகின்றன. அந்த இடைவெளி கட்டடத்தின் இயல்பான ஆட்டக் காலத்தோடு ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும். ஆக்வாவின் ஒழுங்கற்ற விளிம்புகள் அந்தச் சீரைக் குலைப்பதால், ஆட்டத்தைக் குறைக்கும் தனிக் கருவி அங்கே தேவைப்படவில்லை. மேலும் கீழுமுள்ள அண்டை வீட்டார் குறுக்காக முகம் பார்த்துப் பேசவும் அதே பால்கனிகள் இடம் தருகின்றன. இந்த வடிவத்துக்கு ஒரு விலையும் உண்டு: உள்ளிருந்து வெளியே இடைவெட்டின்றி நீளும் கான்கிரீட், குளிர்காலத்தில் வீட்டின் வெப்பத்தை வெளியே கடத்திவிடுகிறது என்ற குறை நியாயமானதே.

செயின்ட் ரீஜிஸ் அந்த அலையைத் திரும்பச் சொல்லவில்லை. கட்டுமானம் 2016-இல் தொடங்கியபோது விஸ்டா என்றழைக்கப்பட்ட அக்கோபுரம், 360 மீட்டரைத் தாண்டி, வில்லிஸ், டிரம்ப் கோபுரங்களுக்கு அடுத்தபடியாக நகரின் மூன்றாவது உயரமான கட்டடமாயிற்று. ஆக்வாவில் மேற்பரப்பில் மட்டுமிருந்த அசைவு இங்கே கட்டடத்தின் உடலுக்கே வந்துவிட்டது. ஒட்டி நிற்கும் மூன்று தண்டுகள் படிப்படியாக உயர்கின்றன. ஒவ்வொரு தண்டும் பன்னிரண்டு தள உயரமுள்ள இடைக்கண்டங்களால், அதாவது நுனி வெட்டப்பட்ட பிரமிடு வடிவங்களால், நேராகவும் தலைகீழாகவும் மாறி மாறி அடுக்கப்பட்டது. ஆகவே முகப்பு ஒடுங்கி விரிந்து மேலேறுகிறது.

இத்தனை மெல்லிய உருவத்துக்கு வடிவம் மட்டும் போதவில்லை. 83-ஆம் தளம் ஆளில்லாமல் திறந்துவிடப்பட்டுக் காற்று ஊடே செல்ல வழி செய்யப்பட்டது. உச்சியில் நீர்த்தொட்டிகளும் வைக்கப்பட்டன. கட்டடம் ஒருபுறம் சாயும்போது தொட்டி நீர் பின்தங்கி எதிர்ப்புறம் அலைந்து ஆட்டத்தின் விசையை உறிஞ்சிக்கொள்ளும். பால்கனிகள் வழி அண்டை வீட்டாரைச் சேர்க்கும் ஆக்வாவின் எண்ணம் இங்கே தரைமட்டத்துக்கு இறங்கியது: நடுத்தண்டு தரையிலிருந்து உயர்த்தப்பட்டதால், பூங்காவிலிருந்து ஆற்றங்கரைக்குப் பொதுமக்கள் கோபுரத்தின் அடியிலேயே நடந்து செல்லலாம். மக்கள் வழியைக் கோபுரங்கள் அடைத்துக்கொள்ளும் பெருநகரங்களில் இது சிறிய கொடையன்று.

ஒரு பெண் தலைமை ஏற்று வடிவமைத்த உலகின் மிக உயரமான கட்டடம் என்ற பெயர் ஆக்வாவிடமிருந்து செயின்ட் ரீஜிஸுக்குச் சென்றது. செய்தித்தாள்கள் பெரிதுபடுத்திய இச்சாதனை இரண்டின் கட்டடக் கலையைப் பற்றி எதையும் கூறுவதில்லை. விஸ்டாவில் முதலீடு செய்திருந்த சீன நிறுவனமான வாண்டா 2020-இல் தன் பங்கை விற்று விலகியபின், கோபுரத்துக்கு அதனுள் அமையவிருந்த ஹோட்டலின் பெயரே சூட்டப்பட்டது. அந்த ஹோட்டல் 2023-இல் திறக்கப்பட்டது.