விலைக்கு வந்த ஒப்படை

படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து எம் பாடசாலைக்கு வரும் மாணவன் ஒருவன், சென்ற தவணையில் தன் செயற்றிட்ட அறிக்கையை என் மேசைமீது வைத்தான். பிழையற்ற நடை, அவன் வாயில் ஒருநாளும் வந்தறியாத சொற்கள். வினவியபோது, கடையொன்றில் பணங்கொடுத்து வாங்கியதாகத் தலைகுனிந்து ஒப்புக்கொண்டான். அவனுடைய தந்தை வாவியில் வலைவீசிப் பிழைப்பவர். அவரது உழைப்பின் கூலி அந்த இருபது பக்கங்களிற் கரைந்திருந்தது. இங்கே குற்றவாளி யார்?

இவ்வினா உலகிற்குப் புதிதன்று. அமெரிக்காவில் கல்லூரி மாணவருக்குக் கட்டுரை எழுதி விற்பது பகிரங்க வாணிகமாகவே நடைபெற்றது. 1972 ஆம் ஆண்டில் நியூயோர்க் நீதிமன்றம் அத்தகைய வியாபாரமொன்றைத் தடைசெய்து ஆணையிட்டது. அம்மாநிலத்தினதும் கலிபோர்னியாவினதும் கல்விச் சட்டங்களிலும் இவ்விற்பனைக்குத் தடை இடம்பெற்றது. பின்னர் இணையம் வந்தது. கடை கடல் கடந்தது. நியூசிலாந்து 2011 இல் விற்பவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் 10,000 டொலர் வரை அபராதம் விதிக்க வழிசெய்தது. அயர்லாந்து 2019 இலும், அவுஸ்திரேலியா 2020 இலும், இங்கிலாந்து 2022 இலும் சட்டமியற்றின. அவுஸ்திரேலியச் சட்டம் ஈராண்டுச் சிறைக்கும் இடமளிக்கின்றது. இச்சட்டங்கள் அனைத்தும் விற்பவனையே குற்றவாளியாக்குகின்றன. வாங்கிய மாணவனைக் கல்லூரியின் ஒழுங்கு விதிகளுக்கே விட்டுவிடுகின்றன. இது நேரிய நோக்கு என்பதில் ஐயமில்லை.

எனினும், விற்பவன் என்போன் ஒருவனல்லன். இலாபம் பெறும் முதலாளி வேறு. எழுதும் கை வேறு. கென்யாவின் நைரோபி நகரில் வேலையற்ற பட்டதாரிகள் பலர் மேலைநாட்டு மாணவருக்காக இரவு பகலாக எழுதுகின்றனர். கற்றவனுக்கு வேலையளிக்காத சமுதாயமே அவனுடைய அறிவை இருட்டுச் சந்தைக்குத் துரத்துகின்றது.

நம் நாட்டில் 1968 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம் உண்டு. அது பிறந்தது பரீட்சையின் தூய்மையைக் காப்பதற்கு. வீட்டிலிருந்து எழுதிவரும் ஒப்படையின் வாணிகம் அன்று எவர் நினைவிலும் இருந்திராது.

1945 இல் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி, வாவியின் இரு கரையிலும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது. வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவிலே 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்ததும், 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானதும் அவ்வழியின் தொடர்ச்சியே. அன்று நீக்கிய கட்டணம் இன்று ஒப்படையின் விலையாகப் பின்கதவால் நுழைகின்றது. பணமுள்ளவன் புள்ளியை வாங்குவான், இல்லாதவன் கடன்படுவான்.

ஆதலின் விற்பவரைத் தடுக்கும் சட்டம் நமக்கும் வேண்டும். ஆனால் சட்டத்தோடு நம் கடமை முடிந்துவிடாது. படிக்காமலே புள்ளியிட்டு அடுக்கிவைக்கும் ஆசிரியர் உள்ளவரை, எழுதாமலே வாங்கி வரும் மாணவனும் இருப்பான். இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. அம்மாணவனிடம் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து, தந்தையின் தொழிலைப் பற்றியே எழுதிவரச் சொன்னேன். நான்கு பக்கங்கள் கொணர்ந்தான். எழுத்துப்பிழை மலிந்திருந்தது, ஆயினும் ஒவ்வொரு வரியும் அவனுடையது. அன்று அதை முழுவதும் படித்தேன்.