முயலும் எலியும் குரங்கும்: பார்க்கின்சன் நோய் மருந்தாய்வின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

விலங்கின் நடத்தையை அளந்து மனித நோய்க்கு மருந்து காண்பது சமூகச் சார்பற்ற ஆய்வுகூடச் செயல் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. பார்க்கின்சன் நோயாய்வின் வரலாற்றை நோக்கும்பொழுது, இக்கருத்தை நாம் அவ்வாறே ஏற்றுக்கொள்வதற்கில்லை.

அவ்வரலாற்றின் தொடக்கம் இந்திய உபகண்டத்து மூலிகையொன்றில் உள்ளது. சித்தப்பிரமைக்கும் பாம்புக்கடிக்கும் நாட்டு வைத்தியர் வழங்கிவந்த சர்ப்பகந்தியின் வேரிலிருந்து, 1952இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வாளர் றிசேர்ப்பீனைப் பிரித்தெடுத்தனர். பெயரறியா வைத்தியரின் தலைமுறை அனுபவம் சந்தைப் பண்டமாயிற்று. இது தனியே ஆராயப்படவேண்டிய விடயமாகும். அம்மருந்தை உட்கொண்டோர் சிலரிடத்துப் பார்க்கின்சன் நோயை ஒத்த குறிகள் தோன்றின. 1957இல் சுவீடனின் லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சனும் அவர்தம் சகாக்களும் அதனை முயல்களுக்குச் செலுத்தினர். செவி தொங்க, அசைவற்றுக் கிடந்த முயல்கள், டோப்பா ஏற்றப்பட்டதும் சிறிது நேரத்திலேயே விழிப்புற்று நடமாடின. 1960இல் வியன்னாவில் ஏரிங்கரும் ஹோர்னிகீவிச்சும், இறந்த நோயாளரின் மூளையில் டோப்பமீன் பெரிதும் குறைந்திருந்தமையை நிறுவினர். மறு ஆண்டே எல்-டோப்பா நோயாளருக்கு ஏற்றப்பட்டது. முயல் காட்டிய வழி பொய்க்கவில்லை. இன்றும் பிரதான மருந்து அதுவே.

எனினும், அவ்வெற்றியே ஒரு சிறையாகவும் அமைந்தது. ஸ்ரொக்ஹோமில் உங்கர்ஸ்ரெட், எலியின் மூளையில் ஒரு பக்கத்து டோப்பமீன் நரம்புகளை மட்டும் நஞ்சினால் அழித்தார். டோப்பமீன் சார்ந்த மருந்து ஏற்றப்பட்டதும் எலி ஒரே திசையிற் சுழன்றது. 1970 முதல் அச்சுழற்சியை எண்ணுவதற்குக் கருவியும் இருந்தது. எண்ணத்தக்கது, விரைவானது, மலிவானது: மருந்துக் கைத்தொழிலுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் டோப்பமீனை அகற்றி உருவாக்கிய மாதிரி, டோப்பமீனின் குறையை ஈடுசெய்யும் மருந்தையே மீண்டும் மீண்டும் தெரிவுசெய்யும். நோயாளரின் மணவுணர்வு மங்குவதையோ, உறக்கம் குலைவதையோ, நினைவு தளர்வதையோ எலியின் சுழற்சி நமக்குக் கூறுவதில்லை.

அடுத்த மாதிரி வீதியிலிருந்து வந்தது. 1982இல் கலிபோர்ணியாவில், கள்ளமாகத் தயாரிக்கப்பட்ட செயற்கைப் போதைப்பொருளை ஏற்றிக்கொண்ட இளைஞர் சிலர் சில நாட்களிலேயே மரம்போல் விறைத்துப்போயினர். அதிற் கலந்திருந்த எம்.பி.ரி.பி. என்னும் நச்சுப்பொருளே காரணமென லாங்ஸ்ரனும் பிறரும் 1983இல் அறிவித்தனர். அவ்வாண்டிலேயே அது குரங்குகளுக்கும் ஏற்றப்பட்டது. சமூகம் புறந்தள்ளிய மனிதர் மீது முதலில் நிகழ்ந்ததே பின்னர் விலங்கின்மீது பரிசோதனையாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

இந்நஞ்சும் நாட்கணக்கில் அழிப்பது; நோயோ ஆண்டுக்கணக்கில் அரிப்பது. விலங்குகளில் நரம்புக்கலங்களைக் காத்த மருந்துகள் பல மனிதரிடத்துத் தோல்வியுற்றன. நோயின் போக்கைத் தடுப்பதாக ஐயமற நிறுவப்பட்ட மருந்து இன்றுவரை ஒன்றேனும் இல்லை.