குச்சனூர் வாய்க்காலும் நம் வீட்டுக் குழாயும்

நம் குடியிருப்பில் ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் போய்வருகிற குடும்பங்கள் பல உண்டு. விடியும் முன்பே மதுரையை விட்டுக் கிளம்பி, சனீஸ்வரருக்கு எள் விளக்கு ஏற்றி, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுகிறோம். கோயில் முன்னால் ஓடும் சுரபி நதியில் கால் நனைப்பதோடு சரி. அந்தத் தண்ணீர் வரும் வழியைப் பார்க்க, கூடலூர்ப் பக்கம் இன்னும் ஒரு மணி நேரம் வண்டியை விட்டால் போதும்.

சுரபி என்று நாம் சொல்வது முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால். பெரியாறு மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற ஆறு. அதைக் கிழக்கே திருப்பும் யோசனை பழையது; 1876-78 பெரும் பஞ்சத்துக்குப் பிறகுதான் மதராஸ் அரசு அதை மும்முரமாகக் கையில் எடுத்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் ஆனது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 ஆண்டுக் குத்தகை. 1887-ல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணை அது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் நம் பக்கம் இறங்குகிறது.

அணைக்கு நாம் நினைத்தபடி போய்விட முடியாது. ஆனால் லோயர் கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபம் இருக்கிறது. 2013 ஜனவரி 15-ல், அவருடைய பிறந்த நாளில் திறந்தார்கள். குமுளி மலைச்சாலையில் ஏறினால், 1958 முதல் இயங்கும் பெரியாறு மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரியும். குழந்தைகளுக்கு மண்டபத்தைவிட அவைதான் பிடிக்கும்.

பென்னிகுவிக் சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று அங்கே யாராவது சொல்வார்கள். நான் படித்த எந்த ஆவணத்திலும் அதற்குச் சான்று இல்லை. அரசுப் பணத்தில் கட்டிய அணை அது. அதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. குச்சனூருக்குப் பக்கத்துப் பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்களே, அது சும்மா வருகிற மரியாதை இல்லை. ஆனால் கட்டுமானத்தின்போது நோயில் மட்டும் 483 பேர் இறந்ததாக அன்றைய பொறியாளர்களின் கணக்கு. சொத்து விற்ற கதை பரவிய அளவுக்கு இந்தக் கணக்கு பரவவில்லை.

இன்னொரு பேச்சும் உண்டு: அணைக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கே பொட்டல்காடு என்பது. அதற்குப் பதில் வழியிலேயே இருக்கிறது. உத்தமபாளையத்தில் கருப்பணசாமி கோயில் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. அச்சணந்தி என்ற சமண முனிவரின் பெயர் அங்கே வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறது. அடுத்து சின்னமனூர். ஒரு ஊரையே தானம் கொடுத்ததைச் சொல்லும் பாண்டியர் செப்பேடுகள் இங்கேதான் கிடைத்தன. மதுரையில் சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் பாண்டியர் பெருமையாகப் பட்டியலிடும் செப்பேடு அது. மதுரைக்காரர்கள் நாம் சங்கம் பற்றிப் பேசும்போது நீட்டுகிற சான்று சின்னமனூர்ச் சரக்கு! விளையாத சீமையிலா ஊரைத் தானம் கொடுத்துச் செம்பில் எழுதிவைப்பார்கள்? சுருளியாற்றை நம்பிய விவசாயம் முன்பே இருந்தது. அணை கொடுத்தது நிச்சயத்தை. ஒரு போகம் இரண்டு போகம் ஆனது.

இன்றைக்கு லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. மிச்சம் வைகை அணைக்குப் போய் மதுரைக்கு வருகிறது. அது போதாமல், லோயர் கேம்பிலிருந்தே குழாய் பதித்து நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் மதுரைக்குக் கொண்டுவரும் திட்டம் போட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். ஆற்றில் விட்டால் வழியெல்லாம் கிணறு ஊறும், குழாயில் போனால் ஒரு சொட்டும் ஊறாது என்பது அவர்கள் வாதம். கோடையில் லாரித் தண்ணீருக்குப் பணம் கட்டுகிற நமக்கு இது சங்கடமான விஷயம்தான். இருந்தாலும் அவர்கள் சொல்வது எனக்கு நியாயமாகவே படுகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதுங்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று. ஜூன் முதல் தேதியை ஒட்டித்தான் வழக்கமாக முதல்போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். ஆடியில் போனால் வாய்க்கால் நிறைந்து, இரண்டு பக்கமும் நாற்றுப் பச்சையாக இருக்கும். காலையிலேயே குச்சனூரை முடித்துக்கொண்டு, சின்னமனூர், உத்தமபாளையம், லோயர் கேம்ப் என்று மேலே போங்கள். திரும்பும் வழியில் கம்பத்தில் பன்னீர் திராட்சை வாங்கலாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம். ஆசைப்பட்டுக் கிலோக்கணக்கில் அள்ளாதீர்கள், வீடு வந்து சேர்வதற்குள் அடிப்பழம் நசுங்கிவிடும்.