விசா தாமதத்தில் பிறந்த பள்ளி

1852 ஆகஸ்டில் சால்ட் லேக் சிட்டியில் கூடிய மார்மன் சபை மாநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. பெயர் வந்தவர் ஊழியத்துக்குக் கிளம்ப வேண்டும். பலருக்கு மனைவி, பிள்ளைகள், நிலம், நீச்சு எல்லாம் இருந்தன. தன் பெயர் பட்டியலில் இருக்கும் என்று அதுவரை நினைத்தே பார்க்காதவர்களும் இருந்தார்கள். ஒருவருக்குத் தென்னாப்பிரிக்கா, ஒருவருக்குச் சீனா, இன்னொருவருக்கு ஹவாய். ஸ்காட்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் பாலண்டைன் என்பவருக்கு விழுந்தது இந்தியா.

அவர் சாதாரண ஆளில்லை. 1849இல் தன் சொந்த வீட்டிலேயே பிள்ளைகளைக் கூட்டி, அந்தச் சபையின் முதல் ஞாயிறு பள்ளியை யூட்டாவில் நடத்தியவர். வண்டியில் கலிபோர்னியா, அங்கிருந்து கப்பலில் கல்கத்தா, பிறகு தெற்கே மதராஸ் என்று 1853இல் வந்து சேர்ந்தார். பத்திரிகை ஒன்று நடத்திப் பார்த்தார். மறு ஆண்டே கிளம்பிவிட்டார். அவரும் தோழர்களும் பேசியது பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்தவர்களிடம், அதிலும் குறிப்பாகக் கம்பெனி ராணுவத்தைச் சேர்ந்த வெள்ளைக்காரர்களிடம். கடல் கடக்குமுன் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுக்க யூட்டாவில் யார் இருந்தார்கள்? அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1706இல், தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார் என்பது நமக்குத் தெரியும். பாலண்டைனுக்கு அந்தப் பொறுமையும் இல்லை, அதற்கான காலமும் கொடுக்கப்படவில்லை.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது இந்தச் சபையின் முழுப் பெயர். உலகம் பொதுவாக மார்மன் சபை என்கிறது. இன்று அதன் இளைஞர்கள் வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை என்று இருவர் இருவராகத் தெருவில் நடப்பதை உலகின் பெருநகரங்கள் பலவற்றில் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலோர் அங்கே போவதற்கு முன் சில வாரங்களைக் கழிக்கும் இடம், யூட்டா மாநிலத்தின் பிரோவோ நகரில் உள்ள மிஷனரி பயிற்சி மையம். ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே சொல்லித்தரப்படுகின்றன. பாலண்டைன் காலத்துக்கும் இதற்கும் இடையில் நடந்த கதையில் இறையியலைத் தேடினால் கொஞ்சம்தான் அகப்படும். புகையிலை, மேசை நாகரிகம், விசா, கிருமி இவைதாம் ஒவ்வொரு கட்டத்திலும் கதையைத் திருப்பிவிட்டிருக்கின்றன.

புகையிலையிலிருந்து தொடங்கலாம். 1830 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் இந்தச் சபையைத் தொடங்கினார். அந்தக் கோடையிலேயே அவர் தம்பி சாமுவேல், இருபத்திரண்டு வயதுக்காரர், தோள்பையில் சபையின் வேதமான மார்மன் நூலின் பிரதிகளை அடைத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். முதல் மிஷனரி என்று சபை அவரைத்தான் சொல்கிறது. புத்தகம் விற்கவில்லை, திட்டு கிடைத்தது, சத்திரக்காரர் வெளியே தள்ளினார் என்று அந்தப் பயணத்தைப் பற்றிக் கதைகள் உண்டு. ஆனால் அவர் கைமாற்றிய பிரதிகள் ஒரு குடும்பத்துக்குள் சுற்றி வந்து, கடைசியில் பிரிகாம் யங் என்பவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. யூட்டாவுக்குச் சபையை நடத்திச் சென்று அங்கே ஊன்றியவர் அந்த யங்தான்.

சாமுவேலுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. இரண்டரை ஆண்டு கழித்து, 1833 ஜனவரியில், ஒஹையோ மாநிலத்தின் கர்ட்லண்டில் நியூவல் விட்னியின் மளிகைக்கடை மாடியில் ஒரு சின்ன அறையில் முதல் வகுப்பு கூடியது. தீர்க்கதரிசிகளின் பள்ளி என்று அதற்குப் பெயர். வந்தவர்கள் உட்கார்ந்த உடனே புகைக்குழாயைப் பற்றவைப்பார்கள். குழாய் அணைந்ததும் புகையிலையை மென்று தரையில் துப்புவார்கள். அந்தத் தரையைத் தேய்த்துக் கழுவும் வேலை ஜோசப்பின் மனைவி எம்மாவுக்கு. அவர் முணுமுணுத்தார், ஜோசப்புக்கும் அந்தப் புகைமண்டலத்தில் பாடம் நடத்தச் சங்கடமாக இருந்தது. அந்தப் பிப்ரவரி மாதமே புகையிலை, மது, சூடான பானங்கள் ஆகாது என்று ஒரு வெளிப்பாடு வந்தது. இன்றுவரை மார்மன்கள் காபியும் தேநீரும் குடிக்காமல் இருப்பதற்கு மூலம் அந்த மாடி அறைதான். வீட்டுக்காரியின் எரிச்சல் ஒரு மதத்தின் உணவு விதியாக எழுதப்பட்ட நிகழ்ச்சி உலக வரலாற்றில் அதிகம் இருக்காது.

கர்ட்லண்டில் மொழிப்பாடமும் உண்டு. 1836இன் தொடக்கத்தில் ஜோஷுவா செய்ஷஸ் என்ற ஆசிரியரை வரவழைத்து எபிரேயம் கற்றார்கள். அது வேதத்தை மூலத்தில் வாசிக்கும் ஆசைக்காக. தெருவில் எதிர்ப்படும் மனிதரோடு அவர் மொழியில் பேசுவதற்காக யாரையும் உட்கார வைத்துக் கற்பிக்கும் யோசனை பெரிய அளவில் வர இன்னும் நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கையில் காசில்லாமல் போய், கேட்பவர் போடும் சோற்றை நம்பி ஊழியம் செய்வது பழைய முறை. குடும்பஸ்தர்கள் போவது மெல்லக் குறைந்து, கல்யாணமாகாத இளைஞர்கள் போவது வழக்கமானது. 1898இல் ஐனெஸ் நைட், ஜென்னி பிரிம்ஹால் என்ற இரு பெண்கள் இங்கிலாந்துக்குப் போனார்கள். கல்யாணமாகாத பெண்களை முறைப்படி மிஷனரிகளாக அனுப்பியது அதுவே முதல் தடவை. 1925இல் சால்ட் லேக் சிட்டியில் மிஷனரி இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. புறப்படுமுன் ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம், அங்கே தங்க வேண்டும். வேதபாடம் நடந்தது. கூடவே உடல் சுத்தம், மேசையில் உட்கார்ந்து உண்ணும் முறை, பிறரிடம் பழகும் பண்பு ஆகியவற்றுக்கும் வகுப்பு இருந்தது. மலைநாட்டுப் பண்ணைகளிலிருந்து வந்த பையன்களை லண்டன் வரவேற்பறைகளுக்குத் தயார் செய்ய வேண்டியிருந்ததே!

அடுத்த திருப்பம் தூதரகங்களிலிருந்து வந்தது. 1961இல் மெக்சிகோவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போக வேண்டிய மிஷனரிகளுக்கு விசா கிடைப்பது தள்ளிக்கொண்டே போனது. சாமான் கட்டி, வீட்டில் விடைபெற்று வந்த பையன்களைத் திருப்பி அனுப்பவும் முடியாது, சும்மா உட்கார வைக்கவும் முடியாது. பக்கத்திலேயே பிரோவோவில் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே ஸ்பானிஷ் பேராசிரியர் எர்னெஸ்ட் வில்கின்ஸ் இருந்தார். காத்திருக்கும் நாட்களில் ஸ்பானிஷ் படிக்கட்டும் என்று அந்த டிசம்பரில் மிஷனரி மொழி நிறுவனம் தொடங்கியது. காத்திருந்து போனவர்கள் போன இடத்தில் உடனே பேசத் தொடங்கினார்கள், காத்திராமல் போனவர்கள் திணறினார்கள். விசா சிக்கல் தீர்ந்த பிறகும் வகுப்பு நிற்கவில்லை.

1963இல் போர்ச்சுகீசும் ஜெர்மனும் சேர்ந்தன. டச்சும் ஸ்காண்டிநேவிய மொழிகளும் ஐடஹோவின் ரிக்ஸ் கல்லூரிக்கும், ஆசிய, பாலினீசிய மொழிகள் ஹவாய்க்கும் போயின. மாணவர் விடுதிகளில் ஒண்டிக்கொண்டிருந்த வகுப்புகளுக்கு 1976இல் பிரோவோவில் சொந்த வளாகம் கிடைத்தது. 1978இல் எல்லாமே அங்கே ஒன்றாக்கப்பட்டு, இன்றைய பெயர் வைக்கப்பட்டது. சால்ட் லேக் சிட்டி இல்லம் மூடப்பட்டது. அதே 1978 ஜூனில்தான் கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவப் பட்டம் மறுக்கும் விதியைச் சபை கைவிட்டது. அதுவரை அந்தப் பட்டம் இல்லாத கறுப்பின இளைஞன் மிஷனரியாகப் போகவும் வழியில்லை. உலகின் மொழிகளையெல்லாம் கற்பிக்கத் துணிந்த பள்ளி, தன் நாட்டு மக்களில் ஒரு பகுதியினரை அவ்வளவு காலம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது.

அந்த வளாகத்தில் முதல் நாள் எப்படி இருக்கும்? பல ஆண்டுகள் நடந்த சடங்கு இது. குடும்பம் மொத்தமும் காரில் வந்து இறங்கும். ஒரு கூடத்தில் அனைவரும் உட்கார, பாட்டும் சிறு உரையும் நடக்கும். முடிந்ததும், பெற்றோர் ஒரு கதவு வழியாகவும் மிஷனரிகள் இன்னொரு கதவு வழியாகவும் வெளியேற வேண்டும். மணப்பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு வழியனுப்பும் வீட்டாரைப் போல அழுகையும் சிரிப்புமாகக் கிடக்கும் அந்தக் கூடம். ஆணுக்கு இரண்டு ஆண்டு, பெண்ணுக்கு ஒன்றரை ஆண்டு பிரிவு. வருடத்துக்கு இரண்டே முறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும், வீட்டுக்குத் தொலைபேசலாம் என்ற விதி 2019 பிப்ரவரி வரை இருந்தது. பிற்காலத்தில் கூடமும் கதவுகளும் போய், நடைபாதை ஓரத்தில் காரை நிறுத்திக் கட்டிப்பிடித்துவிட்டு நகர வேண்டியதாயிற்று. முன்பே வந்து சேர்ந்த ஒரு மிஷனரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே அழைத்துப் போவார்.

உள்ளே போனதும் பெயர்ப்பட்டை கிடைக்கும். அதில் குடும்பப்பெயர் மட்டும், முன்னால் ஆணுக்கு எல்டர், பெண்ணுக்கு சிஸ்டர். வீட்டில் கூப்பிட்ட பெயர் இனி இல்லை. புதிதாய் வந்தவர்களின் பட்டையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்ட ஒட்டுத்தாள் ஒட்டும் வழக்கமும் இருந்தது. வழி தெரியாமல் முழிப்பவரைப் பழையவர்கள் அடையாளம் கண்டு உதவ அது ஏற்பாடு. கேலி செய்யவும் அதுவே அடையாளம் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு ஜோடி சேர்ப்பார்கள். அதுவரை முகம் பார்த்திராத ஒருவர் உங்கள் துணை. தூங்கும் அறையிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் வகுப்பிலும் அவர் உங்கள் கண்ணில் பட வேண்டும், நீங்கள் அவர் கண்ணில் பட வேண்டும். காலை 6.30க்கு எழுந்து இரவு 10.30க்குப் படுக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, கடிதம் எழுத. இரண்டு வருடமும் தனிமை என்பதே இல்லாத வாழ்க்கைக்கு அந்த முதல் மாலையிலேயே பழக்கம் தொடங்கிவிடும்.

மொழி வகுப்பு அதே நாளோ அடுத்த நாளோ தொடங்கும். ஆசிரியர்கள் பெரும்பாலும் அந்த நாடுகளில் ஊழியம் முடித்துத் திரும்பிய பல்கலைக்கழக மாணவர்கள். கற்பவரைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். அவர் கதவைத் திறந்து வந்து கொரிய மொழியிலோ ரஷ்யனிலோ பேசத் தொடங்கிவிடுவார். ஆங்கிலம் வராது. சில நாட்களிலேயே, சபையைப் பற்றி விசாரிக்க வந்தவராக நடிக்கும் ஒருவர் முன் உட்கார்ந்து, தட்டுத்தடுமாறி அந்த மொழியில் உபதேசம் செய்ய வேண்டும். இலக்கணம் தப்பினால் பரவாயில்லை, வாய் மூடக் கூடாது. ஆங்கிலம் பேசும் நாட்டுக்குப் போகிறவருக்கு மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். மற்றவர்களுக்கு ஆறு முதல் ஒன்பது வாரம். முன்னர் இன்னும் அதிகம். அத்தனைச் சின்னக் காலத்தில் அத்தனைத் தொலைவு பேசவைக்கும் முறை அமெரிக்காவில் மதச்சார்பற்ற மொழிப்பள்ளிகளையும் திரும்பிப் பார்க்கவைத்தது. ஊழியம் முடித்து வருகிறவர்களை அரசு உளவுத்துறைகளும் ஏற்றுமதி நிறுவனங்களும் தேடி எடுப்பதற்கும் காரணம் இதுவே. அந்நிய மொழி தெரியும், குடிப்பதில்லை, சொன்ன நேரத்துக்கு வருவார்கள், வேறென்ன வேண்டும்?

உபதேசத்துக்கு நீண்ட காலம் மனப்பாடம்தான் வழி. 1952இல் ஒரு முறையான பாடத்தொகுப்பு வந்தது. 1961இல் எல்லா நாட்டுக்கும் ஒரே வடிவம் ஆக்கினார்கள். கேள்வி, அதற்கு வர வேண்டிய பதில், அடுத்த கேள்வி என்று எல்லாம் எழுதிவைத்ததை ஒப்பிக்க வேண்டும். தெரியாத மொழியில் புரியாமல் ஒப்பித்தவர்களும் உண்டு. கேட்பவர் எதிர்பாராத கேள்வி ஒன்றைப் போட்டால் பையன் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பான் என்று கேலிக்கதைகள் உலவியதில் வியப்பில்லை. 2004இல் வந்த புதிய கையேடு ஒப்பித்தலைக் கைவிட்டு, சொந்த வார்த்தையில் பேசச் சொன்னது. 2011இல் நியூயார்க்கில் அரங்கேறிப் பெரும் வெற்றி பெற்ற, மார்மன் நூலின் பெயரையே தலைப்பாகக் கொண்ட நகைச்சுவை இசைநாடகமோ அழைப்புமணியை அழுத்தி ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பயிற்சி மையப் பையன்களைக் காட்டித்தான் தொடங்குகிறது. பழைய வழக்கம் போனாலும் பெயர் நிற்கிறது.

எல்லோரும் அந்த நாட்களைச் சிரித்துக்கொண்டே கடப்பதில்லை. தொலைக்காட்சி இல்லை, 2019 வரை வீட்டுக் குரலும் அபூர்வம், தப்பித்து ஒதுங்க ஓர் இடம் இல்லை. பதினெட்டு வயதில் முதல் தடவையாக வீட்டைப் பிரிந்தவருக்கு அது கடுமையானது. பாதியில் திரும்பினால் ஊரார் பேச்சு வேறு. 2013இல் மன அழுத்தத்தைச் சமாளிக்கும் வழிகளுக்கென்றே சபை ஒரு கையேடு வெளியிட்டது. மிகத் தாமதமாக வந்த ஒப்புதல் அது.

கையேடு வந்த காலமும் கவனிக்கத்தக்கது. 2012 அக்டோபரில், போகக்கூடிய வயதை ஆண்களுக்கு 19இலிருந்து 18ஆகவும் பெண்களுக்கு 21இலிருந்து 19ஆகவும் சபைத் தலைவர் தாமஸ் மான்சன் குறைத்து அறிவித்தார். 58,000 அளவில் இருந்த மிஷனரிகள் அடுத்த ஆண்டு முடிவதற்குள் 80,000ஐத் தாண்டினார்கள். பெண்கள் பெருங்கூட்டமாக வந்தார்கள். இடம் போதவில்லை. மெக்சிகோ சிட்டியில் சபை நடத்திவந்த ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளியை மூடி, 2013இல் அதைப் பயிற்சி மையமாக்கினார்கள். பிரோவோவில் 2017இல் புதுக் கட்டடங்கள் திறந்து, 3,700 பேர் தங்க இடமானது.

மூன்றே ஆண்டில், 2020 மார்ச்சில், கொரோனா வந்து அத்தனைக் கட்டடத்தையும் காலி செய்தது. புதிய மிஷனரிகள் தங்கள் வீட்டுப் படுக்கையறையில், மடிக்கணினி முன், டை கட்டி உட்கார்ந்து பயிற்சி பெற்றார்கள். 2021 ஜூனில் பிரோவோவின் கதவு மறுபடி திறந்தது. ஆனால் விசாவுக்காக வந்த வகுப்பு விசா வந்த பின்னும் நீடித்ததைப் போலவே, கிருமிக்காக வந்த ஏற்பாடும் கிருமி தணிந்த பின் நின்றுவிடவில்லை. இப்போது முதல் பகுதி வீட்டிலிருந்தே இணையவழியில் நடக்கிறது, அதன் பிறகுதான் பிரோவோ. முதல் நாட்களில் திரைக்குள்ளிருந்து ஆசிரியர் எல்டர் என்று குடும்பப்பெயரோடு கூப்பிட, சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று அடுக்களையிலிருந்து அம்மா பழைய செல்லப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.